வன்னி வைத்தியசாலைகளில் ஊழியர் மீதான வன்முறையைத் தடுக்கும் பயிற்சி: ஒழுங்குசெய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் இத்தகைய பயிற்சியை ஒழுங்குசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பொறுப்புத் தாதிய உத்தியோகத்தரின் அல்லது இளம் வைத்திய அதிகாரியின் கையில் வந்து சேர்கிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளில் முதன்மையானது, விரிவுரையை முதற்படியாக வைப்பது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வைத்தியசாலையில் இரண்டு மணிநேரம் படங்களைக் காட்டி விளக்கிவிட்டு வந்தேன். சில நாள்களில் அங்கு அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதி, மேசைக்கும் சுவருக்கும் இடையில் வெளியேற வழியில்லாமல் அகப்பட்டுத் தாக்கப்பட்டார். அந்த மேசை அவ்விடத்தில் கிடந்ததைப் பயிற்சியன்று நான் என் கண்ணால் கண்டிருந்தேன். கீழுள்ள படிகளின் வரிசை அந்த நாளிலிருந்து மாறியது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைத் தருகிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியின் எழுத்துமூல ஒப்புதல். அதில் இரண்டு விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: பயிற்சி நேரம் கடமை நேரமாகக் கணிக்கப்படும் என்பதும், சம்பவத்தை அறிவிக்கும் ஊழியர் எவரும் அதற்காகக் கண்டிக்கப்பட மாட்டார் என்பதும். இரண்டாவது வாக்குறுதி இல்லாமல் அடுத்த படியில் எவரும் உண்மை பேச மாட்டார்கள்.

இரண்டாவது, எதை வன்முறை என்று கணக்கில் எடுப்பது என்ற உடன்பாடு. அடி, உதை, பிடித்துத் தள்ளுதல் ஆகியவை மட்டுமே வன்முறை என்று பலர் நினைக்கிறார்கள். மிரட்டல், துப்புதல், தூசண வார்த்தைகள், பாலியல் சீண்டல், அனுமதியின்றித் தொலைபேசியில் படம்பிடித்துப் பேஸ்புக்கில் போடுவதாக வெருட்டுதல், கடமை முடிந்து வீடு திரும்பும் வழியில் பின்தொடர்தல் ஆகியனவும் இதில் அடங்கும். சர்வதேசத் தொழில் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் தாதியர், பொதுச்சேவை ஊழியர் அமைப்புகளுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட சுகாதாரத்துறைக்கான வழிகாட்டல்கள், உடல்ரீதியான வன்முறையையும் உளரீதியான வன்முறையையும் சேர்த்தே கணிக்கின்றன. உடல்ரீதியான வன்முறையை மட்டும் எடுத்தாலே, சுகாதார ஊழியரில் 8 முதல் 38 சதவீதம் வரையானோர் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் அதற்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

மூன்றாவது, கட்டடத்தின் கைவரைபடம் ஒன்றும், மூன்று மாதக் கடமைப் பட்டியலும், இரண்டு அரைநாள்களும். நான்காவது, இரண்டு பயிற்றுநர்கள். அவர்களில் ஒருவர் தாதியாகவும் மற்றவர் அனுபவமுள்ள சிற்றூழியராகவும் இருப்பது நல்லது. வாசலில் முதலில் அடிவாங்குபவர் சிற்றூழியரே ஆதலால், அவர் சொல்வதை மற்றவர்கள் நம்புவார்கள்.

2. நடந்தவற்றைக் கேட்டு எழுதுதல்

வைத்தியசாலையில் சம்பவப் பதிவேடு இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். பெரும்பாலான சம்பவங்கள் எழுதப்படுவதில்லை. ஊழியர்களைத் தனித்தனியாக, ஒருவருக்குக் கால்மணிநேரம் ஒதுக்கி, கடந்த ஆறு மாதங்களில் நடந்தவற்றைக் கேளுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன நடந்தது என்பவற்றுடன் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அதுக்குப் பத்து நிமிசம் முன்னம் அந்த ஆளுக்கு யார் என்ன சொன்னது?” இந்தக் கேள்விக்கான விடைதான் இரண்டாம் அரைநாள் பயிற்சியின் பாடநூல்.

விடைகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். நான் குறித்த வரைபடங்களில் புள்ளிகள் திரும்பத் திரும்பச் சேர்ந்த இடங்கள் இவை: நண்பகல் பார்வையாளர் நேரத்தில் விடுதி வாசல், இலக்கத் துண்டு முடிந்துவிட்டது என்று சொல்லப்படும் வேளையில் வெளிநோயாளர் பிரிவு, வேறு வைத்தியசாலைக்கு அனுப்ப அம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், மரணம் அறிவிக்கப்பட்ட பின் உடலைக் கையளிக்கும் வரையான நேரம், குடிபோதையில் காயத்துடன் வரும் இரவு. உங்கள் வரைபடம் வேறுவிதமாக அமையலாம். அப்படி அமைந்தால் உங்கள் வரைபடத்தையே பின்பற்றுங்கள்.

இங்கே ஏற்படும் பிழை, தாக்கியவரின் பெயரையும் ஊரையும் தேடுவது. அந்த விசாரணை பொலிஸாருடையது. நமக்கு வேண்டியது இடமும் நேரமும் சொல்லப்பட்ட சொல்லும்.

3. கட்டடத்தை இரவில் நடந்து பார்த்தல்

பகலில் நடந்தால் பாதியே தெரியும். இரவு எட்டு மணிக்குப் பின், வாசலிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவு வழியாகக் கடைசி விடுதி வரை, இரு பயிற்றுநரும் பொறுப்பதிகாரியும் சேர்ந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து, “இப்போது ஒருவர் என் முன்னால் நின்றால் நான் எந்த வழியாக வெளியேறுவேன்?” என்று கேட்டுப் பாருங்கள். ஊழியரின் கதிரை கதவுக்கு அண்மையிலும் வருபவரின் கதிரை உட்புறமாகவும் இருக்கும்படி மேசையைத் திருப்புவதற்குச் செலவு எதுவும் இல்லை.

கத்தரிக்கோல், கண்ணாடிப் போத்தல், சக்கரமில்லாத சேலைன் தாங்கி ஆகியன வருபவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி இயங்கும் வரை எந்த இடம் இருளாக இருக்கிறது, எந்த அறையில் தொலைபேசிக்கு அலைவரிசை இல்லை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உறவினர் தங்கும் இடத்துக்கு நான் தனி முக்கியத்துவம் கொடுக்கிறேன். உட்கிராமமொன்றிலிருந்து நோயாளியை ஏற்றிவந்த லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ வாகனத்திலோ ஆறேழு பேர் சேர்ந்து வந்திருப்பார்கள். கடைசி பஸ் போய்விட்டிருக்கும். அவர்களை வாசலுக்கு வெளியே தெருவில் நிறுத்திவைத்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பதற்றம் கூட்டத்துக்குள் வளரும். ஒரு வாங்கு, குடிநீர், வெளிச்சம், கழிவறைக்கு வழிகாட்டும் பலகை ஆகியவற்றுடன், மணிக்கொரு தடவை வெளியே வந்து செய்தி சொல்லும் ஒருவர் இருந்தால் அந்தப் பதற்றம் வளர இடமில்லை.

இந்தப் படியை விட்டுவிட்டு நேரே பயிற்சிக்குச் செல்லாதீர்கள். சுகாதார ஊழியருக்கான வன்முறைத் தடுப்புப் பயிற்சிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, பயிற்சியால் அறிவும் மனப்பாங்கும் ஓரளவு மேம்படக்கூடும் என்றாலும், பயிற்சி மட்டும் சம்பவங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கே வந்தது. மேசையைத் திருப்பாமல் ஊழியரைத் திருத்த முனைவது, அடிபட்டவர் மீதே பழியைச் சுமத்துவதில் முடிகிறது.

4. யாரைச் சேர்ப்பது

வாசல் பாதுகாப்பு ஊழியர், சிற்றூழியர், மருந்து வழங்குபவர், அம்புலன்ஸ் சாரதி, தாதியர், வைத்தியர் அனைவரும் ஒரே அறையில், ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பேர் வரை. தரவாரியாகப் பிரித்தால் பயிற்சி தோற்கும். சம்பவம் நடக்கும்போது அவர்கள் ஒன்றாகவே இயங்க வேண்டியிருக்கிறது. தாதியரின் கடமை மாறும் நேரங்களான காலை 7, பிற்பகல் 1, மாலை 7 ஆகியவற்றைத் தொட்டு வகுப்பை வைக்காதீர்கள்; பாதிப்பேர் எழுந்து போவார்கள். இரவுக் கடமை முடித்தவரை அன்று காலையே வகுப்பில் உட்காரவைப்பதும் தவறு.

தமிழ் பேசாத வைத்தியர்களும் கட்டாயம் வர வேண்டும். காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன்.

5. முதல் அரைநாள்: நோயால் வரும் ஆவேசத்தைப் பிரித்தறிதல்

ஆவேசப்படும் ஒவ்வொருவரையும் “குழப்படி” என்று ஒரே பெயரால் அழைப்பது ஆபத்தானது. சிலருக்கு அந்த ஆவேசமே நோயின் அறிகுறி. அவர்களிடம் எத்தனை கனிவாகப் பேசினாலும் பயனில்லை, மருத்துவமே வேண்டும். ஆகையால் பேச்சுப் பயிற்சிக்கு முன் இதைக் கற்பிக்க வேண்டும்.

இரத்தத்தில் சீனி குறைவு, ஒட்சிசன் குறைவு, தலைக்காயம், சிறுநீர் அடைப்பு, முதியவருக்குக் காய்ச்சலுடன் வரும் புத்தித் தடுமாற்றம் ஆகியவற்றை எல்லோருக்கும் சொல்லுங்கள். நம் பகுதியில் அடிக்கடி காணும் இரண்டைச் சற்று விரிவாக எடுங்கள்.

ஒன்று, மது நிறுத்தத்தால் வரும் சித்தப்பிரமை. கால் முறிவுக்காகவோ பாம்புக்கடிக்காகவோ அனுமதிக்கப்பட்ட ஒருவர் முதல் நாள் சாதுவாக இருப்பார். கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, நித்திரையின்மை தொடங்கி, இல்லாதவற்றைக் கண்டு மிரண்டு, தடுக்க வந்த தாதியைத் தள்ளுவார். அனுமதிக்கும்போதே, தீர்ப்புச் சொல்லும் தொனியின்றி, “ஐயா, கடைசியா எப்ப குடிச்சனீங்கள்?” என்று கேட்டு எழுதிவைத்தால் இரண்டாம் இரவுக்கு ஆயத்தமாக இருக்கலாம்.

மற்றது, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை அருந்தியவருக்குக் கொடுக்கப்படும் அத்திரோப்பீன் என்னும் மருந்து. அளவு மிஞ்சினால் உடல் சூடாகி, தோல் உலர்ந்து, சிறுநீர் நின்று, நோயாளி குழம்பி, நாளத்தில் ஏற்றிய கனுலாக் குழாயைப் பிடுங்கி எறிந்து அடிக்க வருவார். அருகில் நிற்கும் சிற்றூழியர் இதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கட்டிப்போட முயல்கிறார். அவர் செய்ய வேண்டியது, வைத்தியரை உடனே அழைப்பது. மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அடுத்து, முன்னறிகுறிகள். 2007இல் வெளியான அவுஸ்திரேலிய அவசரப் பிரிவு ஆய்வொன்று ஐந்து அறிகுறிகளைத் தொகுத்தது: வெறித்த பார்வை, குரலின் மாற்றம், பதற்றம், முணுமுணுப்பு, ஓரிடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் நடத்தல். இவை வாசலில் நிற்பவருக்கும் புரியும். விடுதியில் தங்கியிருக்கும் நோயாளிக்கு நோர்வேயில் உருவான புறோசெற் பட்டியல் பொருந்தும். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாயால் மிரட்டல், உடலால் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல் என்னும் ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூட்டுத்தொகை மூன்று அல்லது அதற்கு மேலானால், அடுத்த 24 மணிநேரத்துக்கு ஆபத்து அதிகம் எனக் கொண்டு, வைத்தியருக்கு அறிவித்து, அந்த நோயாளியிடம் எவரும் தனியே செல்லாதபடி ஒழுங்குசெய்ய வேண்டும்.

6. இரண்டாம் அரைநாள்: பேச்சு

முழுப் பயிற்சியிலும் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள். இரண்டாம் படியில் திரட்டிய உண்மைச் சம்பவங்களை, பெயர்களை நீக்கி, நடித்துப் பார்க்க வைக்க வேண்டும். விரிவுரையாகச் சொன்ன சொற்கள் நெருக்கடியில் வாய்க்கு வருவதில்லை. மூன்று முறை உரக்கச் சொல்லிப் பார்த்தவை வரும்.

முதலில் மூன்று விதிகள். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இருவர் பேசினால் வந்தவர் இருவருக்கும் மேலாகக் குரலை உயர்த்துவார். பெயரையும் பதவியையும் சொல்லித் தொடங்க வேண்டும். “அமைதியா இருங்கோ” என்ற சொல்லைக் கைவிட வேண்டும். அதைக் கேட்டவர் தம் துயரம் மதிக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில், “அண்ணை, நீங்கள் பயந்துபோய் நிக்கிறீங்கள் எண்டு விளங்குது. நான் இப்ப என்ன நடக்குதெண்டு சொல்லுறன்” என்று சொன்னால், சொல்லப்போவதைக் கேட்க அவர் நிற்பார்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வயலில் புடையன் கடித்தவரைக் கொண்டுவந்த மகன், “வந்து அரை மணித்தியாலம், இன்னும் ஊசி போடேல்லை” என்று கத்துகிறார். அவர் சொல்வது உண்மை, ஊசி போடப்படவில்லை. விசம் உடலில் ஏறியதற்கான அறிகுறி கண்ட பின்னரே எதிர்விசம் கொடுக்கப்படுகிறது, ஏனெனில் அந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு 20 நிமிடம் வேண்டும். இது எதுவும் மகனுக்குத் தெரியாது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து வைத்திருப்பது அவருக்கு வேலை செய்யாமல் இருப்பதாகத் தெரிகிறது.

ஊழியர் வழமையாகச் சொல்லும் விடை: “டொக்டருக்குத் தெரியும், நீங்கள் வெளியிலை நில்லுங்கோ.” பயிற்சியில் மாற்றிச் சொல்ல வேண்டிய விடை: “தம்பி, நான் இஞ்சத்தைத் தாதி. அப்பாவின்ரை இரத்தம் உறையுதோ எண்டு பாக்கிறம். 20 நிமிசம் எடுக்கும், 6.40க்கு முடிவு தெரியும். விசம் ஏறியிருந்தால் உடனை ஊசி தொடங்குவம். ஏறாமல் போட்டால் அந்த ஊசியாலையே அவருக்கு ஆபத்து வரலாம். 6.40க்கு நானே வந்து சொல்லுறன்.” இதில் உயிரான பகுதி கடைசி வாக்கியம். முடிவு வராவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போய், “இன்னும் வரேல்லை, இன்னும் பத்து நிமிசம்” என்று சொல்லியே ஆக வேண்டும். நேரம் சொல்லிவிட்டுப் போகாமல் விடுவது, நேரமே சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

அம்புலன்ஸுக்குக் காத்திருப்பது அடுத்த நடிப்பு. சிறிய வைத்தியசாலையிலிருந்து கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்ப முடிவெடுத்ததும், உறவினர் அதை “இஞ்சை ஏலாது எண்டு கைவிட்டிட்டினம்” என்று புரிந்துகொள்கிறார்கள். “1990க்கு அடியுங்கோ” என்று நெருக்குகிறார்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை, வீட்டிலோ வீதியிலோ இருப்பவரை வைத்தியசாலைக்குக் கொண்டுவருவதற்கானது என்பதையும், நம் அம்புலன்ஸ் எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும், அதுவரை நோயாளிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பவற்றையும் வரிசையாகச் சொல்லப் பழக்குங்கள். சாரதியும் இந்த நடிப்பில் இருக்க வேண்டும். வழியில் கேள்விகளை எதிர்கொள்பவர் அவரே.

இனி மொழி. சிங்களம் மட்டும் பேசும் வைத்தியர், தமிழ் மட்டும் பேசும் உறவினர், நடுவில் ஒரு தாதி. வைத்தியர் இரண்டு நிமிடம் விளக்குகிறார், தாதி அதை ஒரு வரியில் சுருக்குகிறார், உறவினர் மீதியை மறைத்துவிட்டதாக ஐயப்படுகிறார். கோபம் தாதி மேல் இறங்குகிறது. பயிற்சி இதுதான்: வைத்தியர் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், தாதியைப் பார்க்காமல் உறவினரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், தாதி தம் கருத்தைச் சேர்க்காமல், “டொக்டர் சொல்லுறார்” என்று தொடங்கி முழுவதையும் சொல்ல வேண்டும். அழவைக்கும் செய்தியானாலும் சுருக்கக்கூடாது.

மரணச் செய்தி கடைசியாக வர வேண்டும். அதற்கென்று ஓர் அறை, இருக்கை, இரண்டு ஊழியர். “கொஞ்சம் கஷ்டம்” என்பது போன்ற சொற்கள் பொய் நம்பிக்கையைத் தந்து, பின்னர் ஏமாற்றியதாகத் தோன்றச் செய்கின்றன. “அம்மா, எங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தம். அவர் இறந்திட்டார்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடியும்வரை பேசாமல் அருகில் இருங்கள். திடீர் மரணமாயின் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலைக் கையளிக்க முடியாது என்பதை, அவர்கள் கேட்குமுன் சொல்ல வேண்டும். நான் கேட்டு எழுதிய சம்பவங்களில், மரணத்தின்போது அமைதியாக இருந்த குடும்பங்கள் இந்தத் தாமதத்தின்போது கொதித்ததைப் பலமுறை கண்டேன்.

போரில் பிள்ளையையோ துணையையோ இழந்தவர்கள், காணாமல் போனவர்களை இன்னும் தேடுகிறவர்கள், உடலில் சன்னத்துண்டுகளோடு வாழ்கிறவர்கள் நம் விடுதிகளுக்கு வருகிறார்கள். “உள்ளே வரக்கூடாது” என்று கதவு சாத்தப்படுவது அவர்களுக்கு வெறும் கதவு அன்று. இதைப் பயிற்சியில் ஒரு முறை வெளிப்படையாகப் பேசுங்கள். ஊழியரிற் பலருக்கும் அதே இழப்புகள் உண்டு. எவரேனும் அழுதால் வகுப்பை நிறுத்திக் காத்திருங்கள்.

7. நிற்கும் முறையும் விலகும் முறையும்

இரண்டு கை நீள இடைவெளி; நேருக்கு நேர் நில்லாமல் சற்றுச் சாய்வான நிலை; கைகள் தெரியும்படி; வந்தவர் கதவுக்குப் போகும் வழியை மறிக்காமை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைப் பட்டி, ஸ்ரெதஸ்கோப், நீண்ட சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவைப்பது இரவுக் கடமையில் வழக்கமாக வேண்டும்.

மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் பெருவிரல் இருக்கும் பக்கமாகக் கையைச் சுழற்றி விலக வேண்டும். பிடியில் வலுக்குறைந்த இடம் அதுவே. இதற்குமேல் தற்காப்பு நுட்பங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அரைநாளில் கற்ற பிடியை நம்பி நின்றவர், ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் ஓடாமல் காயப்படுகிறார். விலகி ஓடுவது கடமை தவறுதல் ஆகாது என்பதைப் பொறுப்பதிகாரி வகுப்பிலேயே தம் வாயால் சொல்ல வேண்டும்.

8. உதவி அழைப்பும் ஒத்திகையும்

ஒரு மணியோசை அல்லது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொற்றொடர் போதும். ஆளை விழுத்தும் உரத்த சைரன் வேண்டாம். ஆகாயத் தாக்குதலுக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய நினைவுள்ள நோயாளிகள் நிறைந்த விடுதியில் அது இன்னொரு குழப்பத்தை உண்டாக்கும்.

ஓசை கேட்டதும் யார் என்ன செய்வது என்பதைக் கடமைப் பட்டியலிலேயே எழுதுங்கள்: பேசுபவர் ஒருவர், மற்ற நோயாளிகளை விலக்குபவர் ஒருவர், தொலைபேசி எடுப்பவர் ஒருவர், வாசலில் நின்று வழிகாட்டுபவர் ஒருவர். வைத்தியசாலையில் பொலிஸ் காவற்சாவடி இருந்தால் அதன் எண், இல்லையேல் அண்மைப் பொலிஸ் நிலைய எண், அத்துடன் 119 ஆகியவை ஒவ்வொரு மேசையிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பொலிஸாரை எந்த நிலையில் அழைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஆயுதம், உடல் தாக்குதல், கூட்டமாக உள்நுழைதல் ஆகிய மூன்றுக்கும் உடனடியாக; வாய்த்தகராறுக்குச் சீருடையை முதலில் கொண்டுவந்தால் பெரும்பாலும் அது பெரிதாகிறது.

ஒத்திகையை வகுப்பறையில் நடத்தாதீர்கள். உங்கள் வரைபடத்தில் அதிகப் புள்ளி விழுந்த இடத்தில், அதே நேரத்தில், நோயாளருக்கு முன்னறிவித்துவிட்டு நடத்துங்கள். ஒரு வைத்தியசாலையில் முதல் ஒத்திகையின்போதுதான், இரவில் பின்வாசல் வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருப்பதும் திறப்பு வேறு கட்டடத்தில் இருப்பதும் தெரியவந்தன.

9. வெளிக்களப் பணியாளர்

குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தனியே மோட்டார் சைக்கிளில் காட்டோரக் குடியிருப்புகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வைத்தியசாலைப் படிகள் பொருந்தா. அன்றைய வீட்டுத் தரிசிப்புப் பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒருவரிடம் விட்டுச் செல்வதும், குறித்த நேரத்தில் திரும்பியதைத் தெரிவிப்பதும், தெரிவிக்காவிட்டால் யார் தேடிப் போவது என்ற முடிவும் வேண்டும். வண்டியைப் புறப்படும் திசையில் நிறுத்துவது, வாசலில் நின்று குரல் கொடுத்து வீட்டுப் பெண் வெளியே வந்த பின் உள்ளே செல்வது, குடித்தவர் மட்டுமே வீட்டில் இருந்தால் “பிறகு வாறன்” என்று திரும்புவது ஆகிய மூன்றையும் பழக்குங்கள். அந்தத் திரும்புதலை வேலைக் குறைவாகப் பதியக்கூடாது என்று மேலதிகாரியிடம் முன்பே பேசிவையுங்கள்.

10. சம்பவத்துக்குப் பின் முதல் மணிநேரம்

தாக்கப்பட்டவரை உடனே கடமையிலிருந்து விடுவித்து, வேறொருவரை அவரிடத்தில் நிறுத்துங்கள். அவரைத் தனியே விடவேண்டாம், “நீர் என்ன சொன்னனீர்?” என்ற கேள்வியை அன்று எவரும் கேட்கக்கூடாது. காயம் சிறிதானாலும் வைத்தியர் பார்த்து எழுத வேண்டும். பின்னர் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கும் வழக்குக்கும் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

பொலிஸ் முறைப்பாட்டை நிறுவனம் செய்ய வேண்டும், அடிபட்டவரின் தலையில் விடக்கூடாது. ஒரே ஊரில் வாழும் தாதி தனிப்பெயரில் முறைப்பாடு செய்யத் தயங்குவதும், பிறகு சமரசத்துக்கு நெருக்கப்படுவதும் நான் பலமுறை கண்டவை. அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு விளைவிப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவும், கடமையைத் தடுக்கும் நோக்கில் அவரைத் தாக்குவதை 344ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன. இந்த இரண்டு எண்களையும் முறைப்பாட்டு மாதிரிப் படிவத்தில் முன்பே எழுதிவையுங்கள். நள்ளிரவில் எவரும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நடந்ததை ஒரே பக்கத்தில், அதே நாளில், இரண்டாம் படியின் கேள்விகளைக் கொண்டே எழுதுங்கள். ஓரிரு வாரம் கழித்து அவரிடம் நித்திரை, பசி, வேலைக்கு வரும்போது உள்ள பயம் பற்றிக் கேளுங்கள். தேவைப்பட்டால் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

11. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும்

மூன்றாம் மாதத்தில் பதிவேட்டில் சம்பவங்கள் கூடியிருக்கும். பொறுப்பதிகாரி பயிற்சி தோற்றதாக எண்ணி நிறுத்தப் பார்ப்பார். முன்பு எழுதப்படாதவை இப்போது எழுதப்படுகின்றன என்பதை அவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: காயத்துடன் முடிந்தவை எத்தனை, உதவி வர எத்தனை நிமிடம் எடுத்தது, அதே இடத்தில் மீண்டும் நடந்ததா. அதே இடத்தில் மீண்டும் நடந்திருந்தால் வகுப்பைத் திரும்ப நடத்துமுன் அந்த இடத்தை மாற்றுங்கள்.

ஆறாம் மாதத்தில் இடமாற்றங்களால் ஊழியரில் ஒரு பகுதி புதியவராக இருப்பர். முழுப் பயிற்சியையும் திரும்ப நடத்த வசதியில்லையென்றால், ஆறாம் படியின் இரண்டு நடிப்புகளையும் எட்டாம் படியின் ஒத்திகையையும் மட்டும் நடத்துங்கள். புதியவர் எவரும் தம் முதல் இரவுக் கடமைக்கு முன், பழையவர் ஒருவருடன் சேர்ந்து வாசலிலிருந்து கடைசி விடுதி வரை ஒருமுறை நடந்து, பின்வாசல் திறப்பு இருக்கும் இடத்தைத் தம் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.